பெயர் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு

எமது குடும்பங்கள் பலவற்றிடம் இன்று காணி உறுதி கையில் இல்லாவிட்டாலும் கைத்தொலைபேசி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்பதும், சந்தையில் வெங்காயம் என்ன விலை போகிறதென்று விசாரிப்பதும் அதில்தான். அதன் முதுகுப்புறத்தில் ஒரு கம்பனியின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கம்பனியே அதைச் செய்தது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பல சந்தர்ப்பங்களில் அது உண்மையல்ல.

பெயருக்குரிய கம்பனி பொருளை வடிவமைக்கிறது, விளம்பரப்படுத்துகிறது, விற்கிறது. செய்து கொடுப்பது வேறொரு கம்பனி. இதை ஒப்பந்த உற்பத்தி என்பர். எமது பேச்சு வழக்கில் கொந்தராத்து வேலை எனலாம். வீடு கட்டும்போது வீட்டுக்காரர் வரைபடத்தைக் கொடுக்கிறார். கொந்தராத்துக்காரர் மேசன்மாரையும் தச்சரையும் கூட்டிவந்து கட்டி முடிக்கிறார். வீடு வீட்டுக்காரரின் பெயரில் இருக்கிறது. இதுவும் அத்தகையதே.

எமது பிள்ளைகள் பலர் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்கின்றனர். அவர்கள் தைக்கும் உடுப்புகளில் இருப்பது வெளிநாட்டுக் கம்பனிகளின் பெயர். அவையும் கொந்தராத்துத் தொழிற்சாலைகளே. ஆகவே இம்முறை எவ்வாறு இயங்குகிறது, அதில் இலாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு என்பதை அறிந்திருப்பது எமக்கு அவசியமாகும். இலத்திரனியற் பொருட்களைக் கொந்தராத்துக்குச் செய்து கொடுக்கும் கம்பனிகளுள் உலகிலேயே பெரியது தாய்வான் நாட்டின் 'ஹொன் ஹாய்' என்பதாகும். 'பொக்ஸ்கொன்' என்பது அதன் வர்த்தகப் பெயர். அதன் வரலாற்றை இங்கு சற்று விரிவாகப் பார்ப்போம்.

இடம்பெயர்ந்தோரின் பிள்ளை

இக்கம்பனியை நிறுவியவர் ரெரி கோ என்பவர். 1949இல் சீனாவில் உள்நாட்டுப் போர் முடிவுக்கு வந்து கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபோது பெருந்தொகையான மக்கள் கடல் கடந்து தாய்வான் தீவுக்கு வந்தனர். அவ்வாறு வந்தவர்களுள் அவருடைய பெற்றோரும் அடங்குவர். தகப்பனார் பொலிஸ் உத்தியோகத்தர். 1950இல் ரெரி கோ பிறந்தார். சொந்த வீடில்லாத அக்குடும்பம் ஒரு கோயிலுக்குரிய இடத்தில் தங்கி வாழ்ந்தது. அவர் பல்கலைக்கழகம் செல்லவில்லை. கப்பற்றுறை சார்ந்த தொழிற்கல்லூரியில் படித்து, கப்பற் கம்பனி ஒன்றில் எழுதுவினைஞராக வேலை செய்தார். தாய்வானிலிருந்து வெளிநாடுகளுக்குக் கப்பலேறும் பொருட்களைத் தினமும் பார்த்த அவருக்கு, பொருளை ஏற்றுவதிலும் பார்க்க அதைச் செய்வதே மேல் என்று பட்டது.

1974இல், தாயாரிடம் பெற்ற ஏறத்தாழ 7,500 அமெரிக்க டொலர் பணத்துடனும் பத்துத் தொழிலாளருடனும் சிறு பட்டறை ஒன்றை ஆரம்பித்தார். அங்கு செய்யப்பட்டது கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியில் அலைவரிசையை மாற்றத் திருகும் பிளாஸ்ரிக் குமிழ். முழுப் பெட்டியன்று, குமிழ் மட்டுமே. முதலாவது பெரிய கட்டளை சிக்காகோவில் இருந்த அட்மிரல் என்ற தொலைக்காட்சிக் கம்பனியிடமிருந்து கிடைத்தது.

இங்கு ஒரு விடயத்தை அவதானிக்க வேண்டும். குமிழ் வார்ப்பதற்கு அச்சு வேண்டும். அச்சுக்கு மற்றவர்களை நம்பியிருந்தால் அவர்கள் சொன்ன நாளில், சொன்ன விலைக்கே வேலை நடக்கும். எனவே கிடைத்த இலாபத்தில் அச்சுச் செய்யும் கருவிகளை வாங்கி, அந்த வேலையையும் தனது பட்டறைக்குள் கொண்டுவந்தார். கம்பனி பின்னர் அடைந்த வளர்ச்சிக்கு அத்திவாரம் இதுவேயாகும். கருவியும் அதைக் கையாளும் அறிவும் தன் கையில் இருந்தபடியால் குமிழை விட்டு வேறு பொருளுக்கு மாற முடிந்தது.

1980களில் கணனிகளும் விளையாட்டுக் கருவிகளும் பெருகின. ஒரு கருவியை இன்னொன்றுடன் தொடுக்கும் இணைப்பிகள் இலட்சக்கணக்கில் தேவைப்பட்டன. அட்டாரி என்ற அமெரிக்க விளையாட்டுக் கருவிக் கம்பனிக்கு அவற்றைச் செய்து கொடுக்கும் வேலை கிடைத்தது. அதன் பின்னர் ரெரி கோ அமெரிக்காவுக்குச் சென்று, வாடகைக் காரில் மாநிலம் மாநிலமாகத் திரிந்து, செலவைக் குறைக்கச் சில இரவுகளில் காரிலேயே படுத்துறங்கி, கம்பனி கம்பனியாக வேலை கேட்டார்.

சீனாவுக்குச் சென்றது ஏன்?

1980களின் பிற்பகுதியில் தாய்வானில் கூலியும் காணி விலையும் உயர்ந்தன. அதேவேளை சீனா, ஹொங்கொங்குக்கு அருகிலுள்ள ஷென்சென் என்ற பிரதேசத்தை 1980 முதல் விசேட பொருளாதார வலயமாக்கி வெளிநாட்டு முதலீட்டை வரவேற்றுக்கொண்டிருந்தது. 1988இல் பொக்ஸ்கொன் அங்கு தனது முதலாவது சீனத் தொழிற்சாலையை அமைத்தது.

அத்தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர்கள் யார்? பெரும்பாலும் உள்நாட்டுக் கிராமங்களின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். சீனாவில் இவர்களை அழைக்கும் சொல்லின் பொருளே 'விவசாயத் தொழிலாளி' என்பதாகும். கையில் இயந்திரம் இருந்தாலும் பெயரில் வயல் இருக்கிறது. அந்நாட்டில் 1958 முதல் குடும்பப் பதிவு முறை ஒன்று நடைமுறையில் உள்ளது. கிராமத்தில் பதிவுடையவர் நகரத்தில் எத்தனை வருடம் உழைத்தாலும், நகரவாசிக்குரிய பாடசாலை, வைத்தியம், வீடு முதலிய வசதிகள் அவருக்கு இலகுவில் கிடைப்பதில்லை. ஆகவே பிள்ளைகளைக் கிராமத்தில் பாட்டன் பாட்டியிடம் விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் தொழிற்சாலைக்குச் செல்வது அங்கு சாதாரண விடயம். பதிவு ஓரிடத்திலும் வாழ்க்கை வேறிடத்திலுமாக இருப்பதன் கஷ்டத்தை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1996இல் அமெரிக்காவின் கொம்பாக் கம்பனிக்குக் கணனியின் வெளிப்பெட்டிகளைச் செய்யும் வேலை கிடைத்தது. அதே காலத்தில் ஷென்செனில் லொங்ஹுவா என்னும் இடத்தில் பெரிய வளாகம் ஒன்றின் வேலைகள் தொடங்கின. பெட்டி செய்தவர்கள் படிப்படியாகப் பெட்டிக்குள் இருப்பதையும் பூட்டத் தொடங்கினர். டெல், எச்.பி., சோனி, நின்டெண்டோ, அப்பிள் முதலிய கம்பனிகள் வாடிக்கையாளராயின. 2007இல் அப்பிள் கம்பனியின் ஐபோன் வெளிவந்தபோது அதைப் பூட்டிக் கொடுத்ததும் பொக்ஸ்கொன்தான். 2010 அளவில் லொங்ஹுவா வளாகத்தில் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். விடுதிகள், சமையற்கூடங்கள், வைத்தியசாலை, வங்கி, தீயணைப்புப் படை எல்லாம் மதிலுக்குள்ளேயே இருந்தன. அடுத்த ஓரிரு வருடங்களில் கம்பனியின் மொத்தத் தொழிலாளர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது.

தொழிற்சாலைக்குள் நடப்பது

கைத்தொலைபேசியைத் திறந்து பார்த்தால் பச்சை அல்லது கறுப்பு நிறத்தில் ஒரு தட்டையான பலகையைக் காணலாம். அதுவே மின்சுற்றுப் பலகை. அதன்மேல் அரிசிக் குறுணியிலும் சிறிய பாகங்கள் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கும். இந்தப் பலகையைத் தயார் செய்வதே வேலையின் முதற்பகுதி.

முதலில், பாகங்கள் இருக்க வேண்டிய இடங்களில் மட்டும் துளையிட்ட மெல்லிய உலோகத் தகட்டைப் பலகையின்மேல் வைத்துப் பற்றாசுப் பசையைப் பூசுவர். கோலமிடும் அச்சுத் தகட்டில் மாவைப் பரப்புவது போன்றது இது. அடுத்து, ஓர் இயந்திரம் பாகங்களை ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்து உரிய இடத்தில் வைக்கும். கண் இமைக்கும் நேரத்தில் பல பாகங்களை வைத்துவிடும். பின்னர் பலகை நீண்ட சூட்டடுப்பு ஒன்றினூடாகச் செல்லும். அங்கு வெப்பம் ஏறத்தாழ 240 பாகை செல்சியஸ் வரை உயர, பற்றாசு உருகிப் பாகங்களைப் பிடித்துக்கொள்ளும். வெளியே வந்ததும் புகைப்படக் கருவியால் ஒவ்வோர் ஒட்டும் பரிசோதிக்கப்படும்.

இதுவரை பெரும்பாலும் இயந்திரத்தின் வேலை. இதற்குப் பிறகு மனிதரின் கை வேண்டும். பலகையை உறையினுள் வைத்தல், மின்கலத்தைப் பொருத்துதல், நூலிழை போன்ற இணைப்பு நாடாக்களைச் சொருகுதல், சின்னஞ்சிறு திருகாணிகளை முறுக்குதல், திரையை ஒட்டுதல், துடைத்தல், சோதித்தல், பெட்டியில் அடைத்தல் என வேலை நூற்றுக்கு மேற்பட்ட சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு படி. ஒருவர் ஒரே இடத்தில் நின்றோ இருந்தோ, ஒரே திருகாணியை நாள் முழுவதும் ஆயிரக்கணக்கான தடவை முறுக்குவார். ஒரு படிக்கு இத்தனை செக்கன் என்ற கணக்கும் உண்டு. ஒருவர் சுணங்கினால் அடுத்தவர் காத்திருக்க நேரிடும். ஆதலால் மேற்பார்வையாளரின் கண் எப்போதும் அவர்கள்மேல் இருக்கும்.

இம்முறையால் புதிதாக வந்தவரும் சில நாட்களில் வேலைக்குப் பழகிவிடலாம். அதே காரணத்தால் அவரை நிறுத்திவிட்டு இன்னொருவரை அமர்த்துவதும் இலகுவாகிறது. வயலில் உழவு முதல் அரிவு வெட்டு வரை எல்லாம் அறிந்த ஒரு விவசாயியின் பிள்ளை, பத்து வருடம் அங்கு வேலை செய்தாலும் ஒரு முழுத் தொலைபேசியைச் செய்யத் தெரியாதவராகவே வெளியே வரக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. வேலை வருடம் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. புதிய மாதிரி வெளிவரும் காலத்திலும் நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய மாதங்களிலும் கட்டளைகள் குவியும். பின்னர் குறையும். அறுவடைக் காலத்துக் கூலியாட்களைப் போலப் பெருந்தொகையானோர் திடீரெனச் சேர்க்கப்படுவர், பின்னர் விடப்படுவர். இவர்களை முகவர்கள் மூலமே பெரும்பாலும் எடுப்பர்.

நூறு ரூபாவில் யாருக்கு எவ்வளவு?

2010இல் விற்பனையான ஐபோன் ஒன்றின் விலை எவ்வாறு பங்கிடப்பட்டது என்று அமெரிக்க ஆய்வாளர் மூவர் கணக்கிட்டு 2011இல் வெளியிட்டனர். விலையை 100 ரூபா என்று வைத்துக்கொண்டால், அப்பிள் கம்பனிக்குக் கிடைத்த இலாபம் 58 ரூபா 50 சதம். மூலப்பொருட்களின் செலவு ஏறத்தாழ 22 ரூபா. திரை, சில்லு முதலிய பாகங்களைச் செய்த தென்கொரியக் கம்பனிகளின் இலாபம் 4 ரூபா 70 சதம். தாய்வான் கம்பனிகளின் இலாபம் வெறும் 50 சதம். சீனாவில் உழைத்த அத்தனை தொழிலாளருக்கும் கூலியாகச் சென்றது 1 ரூபா 80 சதம். மிகுதி ஏனைய நாடுகளின் கம்பனிகளுக்கும் தொழிலாளருக்கும் சென்றது.

இக்கணக்கை ஆறுதலாக யோசித்துப் பார்க்க வேண்டும். தொழிலாளிக்கு மட்டுமன்றி, இலட்சக்கணக்கானோரை வைத்து வேலை வாங்கும் கொந்தராத்துக் கம்பனிக்கும் ஒரு பொருளில் கிடைப்பது சொற்பமே. பெருந்தொகையில் செய்வதாலேயே அது பெரிய கம்பனியாக நிற்கிறது. இலாபத்தின் பெரும்பங்கு வடிவமும் பெயரும் சந்தையும் யாரிடம் உள்ளனவோ அவரிடம் செல்கிறது. வெங்காயம் விளைவித்தவருக்கும் அதைக் கொழும்பில் விற்பவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நாம் அறிவோம். இங்கும் அதே கதைதான்.

கொந்தராத்துக் கம்பனியின் இலாபம் மெல்லியதாக இருப்பதால், பெயருக்குரிய கம்பனி விலையை இன்னும் சற்றுக் குறைக்கும்படி கேட்டாலும், கட்டளையை விரைவாக முடிக்கும்படி கேட்டாலும் அந்த அழுத்தம் நேராகக் கீழே இறங்குகிறது. கடைசியில் அது வந்து நிற்கும் இடம் தொழிலாளியின் கூலி, நேரம், உணவு, உறக்கம் ஆகியவையாகும்.

2010இன் மரணங்கள்

2010ஆம் ஆண்டில் பொக்ஸ்கொன்னின் சீனத் தொழிற்சாலைகளில் இளந் தொழிலாளர் 18 பேர் தம்முயிரை மாய்த்துக்கொள்ள முற்பட்டனர். அவர்களுள் 14 பேர் இறந்தனர். பெரும்பாலானோர் இருபதை அண்டிய வயதினர், கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொருவரின் மனதிலும் இருந்ததை எவரும் முழுவதும் அறிய முடியாது. ஆனால் நீண்ட வேலை நேரம், கடுமையான மேற்பார்வை, ஒரே அறையில் பலர் இருந்தும் ஒருவரையொருவர் அறியாத விடுதி வாழ்க்கை, ஊரையும் உறவையும் பிரிந்த தனிமை என்பன அக்காலத்தில் வெளிவந்த விசாரணைகளில் திரும்பத் திரும்பப் பேசப்பட்டன.

உலகம் முழுவதும் கண்டனம் எழுந்தது. அடிப்படைச் சம்பளம் மாதம் 900 யுவானிலிருந்து 1,200 யுவானாக 2010 யூன் மாதத்தில் உயர்த்தப்பட்டது. அதுவரை அடிப்படைச் சம்பளத்தில் வாழ முடியாதபடியாலேயே தொழிலாளர் மேலதிக நேர வேலையைத் தேடி ஓடினர் என்பதை மறக்கக் கூடாது. சீனச் சட்டப்படி மேலதிக நேரம் மாதத்துக்கு 36 மணித்தியாலத்தைத் தாண்டலாகாது. ஆயினும் 2012இல் நியாயமான தொழில் சங்கம் என்ற கண்காணிப்பு அமைப்பு மூன்று தொழிற்சாலைகளில் 35,000க்கு மேற்பட்ட தொழிலாளரிடம் கருத்துக் கேட்டு விசாரித்தபோது, வேலை மிகுந்த காலங்களில் வாரம் 60 மணித்தியாலத்துக்கு மேல் உழைப்பதும், ஏழு நாட்களுக்கு மேலாக ஓய்வு நாளின்றி உழைப்பதும் தெரியவந்தன. தமது சம்பளம் அடிப்படைத் தேவைகளுக்குப் போதாது என்று நூற்றுக்கு 64 பேர் கூறினர். சட்டம் புத்தகத்தில் இருந்தது, தொழிற்சாலைக்குள் இருக்கவில்லை.

தூர இடத்தில் வேலை செய்யும் பிள்ளை தொலைபேசியில் "சுகமாக இருக்கிறேன்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். நித்திரை கொள்கிறாயா, யாரோடு சாப்பிடுகிறாய், மனம் விட்டுப் பேச ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். திரும்பி வந்தால் அவமானம் என்ற எண்ணத்தைப் பிள்ளையின் மனதில் வளர்க்காதீர்கள்.

நடந்தே ஊர் திரும்பியவர்கள்

ஷென்செனில் கூலி உயர்ந்ததும் கம்பனி உள்நாட்டு மாகாணங்களை நோக்கி நகர்ந்தது. 2010இல் ஹெனான் மாகாணத்தின் செங்சௌ நகரில் தொடங்கிய தொழிற்சாலை, ஐபோன் செய்யும் இடங்களுள் உலகிலேயே பெரியதாக வளர்ந்தது. 2022 ஒக்ரோபரில் அங்கு கொவிட் தொற்றுப் பரவியது. தொழிற்சாலை மூடப்படவில்லை. தொழிலாளரை வளாகத்துக்குள் வைத்தே வேலை நடத்தப்பட்டது. உணவும் மருந்தும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்று அஞ்சிய பலர் வெளியேறி, பொதிகளைத் தூக்கிக்கொண்டு வயல்களினூடாகவும் பெருந்தெருக்கள் வழியாகவும் தமது கிராமங்களை நோக்கி நடந்தனர். வழியிலுள்ள ஊர் மக்கள் தெருவோரங்களில் தண்ணீரும் உணவும் வைத்து உதவினர்.

குறைந்த ஆட்களை ஈடுசெய்ய, கூடுதல் கொடுப்பனவு தருவதாகக் கூறிப் புதியவர்கள் எடுக்கப்பட்டனர். வந்து பார்த்தபோது நிபந்தனைகள் வேறாக இருந்தன. நவம்பர் 22, 23ஆம் திகதிகளில் பெரும் எதிர்ப்பு வெடித்தது. கம்பனி மன்னிப்புக் கேட்டு, விலகிச் செல்ல விரும்பும் புதியவர்களுக்கு 10,000 யுவான் கொடுக்க முன்வந்தது. வேலைக்குச் சேருமுன் வாயால் சொல்லப்பட்டது வேறு, கடதாசியில் இருந்தது வேறு என்பதே இங்கு நடந்த கோளாறு.

காணி கொடுத்த ஊர்

தொழிலாளருக்கு நேர்ந்ததை இதுவரை பார்த்தோம். தொழிற்சாலைக்கு இடம் கொடுத்த விவசாயிகளுக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். இது நடந்தது வறிய நாடொன்றில் அல்ல, ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில்.

2017இல் பொக்ஸ்கொன் அங்கு 1,000 கோடி டொலர் முதலிட்டு 13,000 பேருக்கு வேலை தருவதாக அறிவித்தது. மாநில அரசு ஏறத்தாழ 300 கோடி டொலர் சலுகை வழங்க உடன்பட்டது. மவுண்ட் பிளசன்ட் என்ற ஊரில் சோளமும் சோயாவும் முட்டைக்கோவாவும் விளைந்த நிலங்களும் பல குடும்பங்களின் வீடுகளும் இதற்காக எடுக்கப்பட்டன. விற்க மறுத்தவர்களின் இடத்தை எடுப்பதற்கு வசதியாக, 2018இல் ஊர்ச் சபை அப்பகுதியைச் சீரழிந்த பிரதேசம் என்று பிரகடனப்படுத்தியது. விளைச்சல் தந்துகொண்டிருந்த நிலமும் குடியிருந்த வீடும் ஒரு தீர்மானத்தால் சீரழிந்தவையாயின. பாதையும் நீர்க்குழாயும் மின்சாரமும் பொதுமக்களின் வரிப்பணத்தில் அமைக்கப்பட்டன.

சொன்ன தொழிற்சாலை வரவில்லை. 2021இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது 13,000 வேலைகள் 1,454 ஆகவும், முதலீடு 67 கோடியே 20 இலட்சம் டொலராகவும் குறைந்தன. மாநில அரசு வழங்கவிருந்த சலுகையும் பெரிதும் குறைக்கப்பட்டது. பின்னர் 2023 முதல் அந்நிலத்தின் பெரும்பகுதியை வேறொரு பெரிய கம்பனி தனது கணனித் தரவு நிலையத்துக்காக வாங்கியது. ஆனால் வெளியேறிய குடும்பங்கள் வெளியேறியவர்களே. ஒப்பந்தத்தைத் திருத்தலாம், எடுத்த நிலத்தைப் பழையபடி வயலாக்கிக் கொடுப்பார் இல்லை.

எமது கடலுக்கு அப்பால்

இதே கம்பனி தமிழ்நாட்டிலும் உண்டு. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் நோக்கியா கைத்தொலைபேசிகளுக்கான பாகங்களை அது செய்து வந்தது. 2014 நவம்பரில் நோக்கியாத் தொழிற்சாலை மூடப்பட்டதும் கட்டளை இல்லாமற்போய், அதே வருட இறுதியில் பொக்ஸ்கொன்னும் வேலையை நிறுத்தியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பதன் அபாயம் இது. சில வருடங்களின் பின் கம்பனி அங்கு திரும்பி வந்து, 2019 முதல் ஐபோன்களைப் பூட்டி வருகிறது.

அங்கு வேலை செய்வோரில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். 2021 டிசம்பரில் விடுதி ஒன்றில் உண்ட உணவு நஞ்சானதால் 250 பெண்கள் வரையில் நோயுற்றனர், அவர்களுள் 159 பேர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர். கூட வேலை செய்தவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்வார் இல்லை. சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி பரவியது. பெண்கள் திரண்டு வந்து சென்னை - பெங்களூர்ப் பெருந்தெருவில் அமர்ந்தனர். எவரும் இறக்கவில்லை என்பது பின்னர் உறுதியானது. ஆனால் நெருக்கமான அறைகளில் தரையில் படுத்துறங்கியதும், சில விடுதிகளில் மலசலகூடங்களுக்குத் தண்ணீர் இல்லாதிருந்ததும் அதன் பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தன. விடுதிகளும் உணவுச்சாலைகளும் சில தமது தரத்துக்கு ஏற்றவையல்ல என்று அப்பிள் கம்பனி ஒப்புக்கொண்டது. தொழிற்சாலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12ஆம் திகதியே மீண்டும் திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட்டில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய புதிய விடுதித் தொகுதி அங்கு திறக்கப்பட்டது. அப்பெண்கள் தெருவில் இருந்திராவிட்டால் அவர்களுடைய விடுதிகளைப் பற்றி எவரும் பேசியிருக்கப்போவதில்லை.

நன்மையையும் சொல்ல வேண்டும். இத்தொழிற்சாலைகளால் இலட்சக்கணக்கான கிராமத்துப் பெண்கள் முதன்முறையாகத் தமது கையில் சம்பளத்தைக் கண்டனர். தம்பி தங்கையரைப் படிப்பித்தனர், கடனடைத்தனர், வீடு கட்டினர். சீனாவில் கூலி பல மடங்கு உயர்ந்துள்ளது. ஆகவே தொழிற்சாலையே வேண்டாம் என்பது எமது கருத்தல்ல. கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும் என்பதே கருத்து.

நாம் கேட்க வேண்டியவை

ஆடைத் தொழிற்சாலையோ வேறெந்தத் தொழிற்சாலையோ, எமது ஊருக்கு வரும்போதும் எமது பிள்ளை அங்கு செல்லும்போதும் பின்வருவனவற்றைக் கேட்டறிவோம்.

1. வேலை தருபவர் யார்? தொழிற்சாலையா, இடையிலுள்ள முகவரா? நியமனக் கடிதம் யாருடைய பெயரில் உள்ளது? பிள்ளைக்கு விளங்கும் மொழியில் அது எழுதப்பட்டுள்ளதா?

2. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? மேலதிக நேரக் கொடுப்பனவையும் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்துக் கேளுங்கள். வேலை குறையும் மாதத்தில் கையில் வருவது அடிப்படைச் சம்பளமே.

3. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதமும் தொழில் தருபவரிடமிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் தருபவரிடமிருந்து 3 வீதமும் செலுத்தப்பட வேண்டும் என்பது இலங்கைச் சட்டம். அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். சம்பளச் சிட்டைகளை எறியாதீர்கள்.

4. விடுதி எங்கே, சமைப்பவர் யார், தண்ணீர் உண்டா, இரவு வேலை முடிந்தால் போக்குவரத்து யார் பொறுப்பு? பெற்றோர் ஒருமுறை நேரில் சென்று பார்ப்பது நல்லது.

5. தொழிற்சங்கமோ ஊழியர் சபையோ உண்டா? பிழை நடந்தால் பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும்?

6. அங்கு பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? ஒரு படி வேலையை மட்டுமா, இயந்திரத்தைத் திருத்தும் வேலையையுமா? குமிழ் செய்தவர் அச்சுச் செய்யப் பழகியதை நினைவில் வையுங்கள்.

7. காணி கேட்கப்பட்டால், வேலை வாக்குறுதியும் காணிக்கான ஈடும் எழுத்தில் உண்டா? வாக்குறுதி நிறைவேறாவிட்டால் காணி யாருக்கு என்று எழுதப்பட்டுள்ளதா? சட்டம் தெரிந்த ஒருவருக்குக் காட்டாமல், கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பேசாமல், தனியே கையொப்பமிடாதீர்கள்.

திராட்சைத் தோட்டத்து வேலையாட்களைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் தோட்டக்காரர் தாமே சந்தைவெளிக்குப் போய் வேலையாட்களோடு நேரில் பேசிக் கூலியைப் பொருந்திக்கொள்கிறார். பொழுது சாயும்போது அவர்களுடைய கூலிக்கும் அவரே பொறுப்பாகிறார். இன்றைய கொந்தராத்து முறையில் தோட்டக்காரர் ஒரு நாட்டில், காரியக்காரர் இன்னொரு நாட்டில், முகவர் வேறோர் ஊரில். வேலையாள் தன் குறையைச் சொல்லப் போனால் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுகின்றனர். பெயரைப் பொறித்தவருக்கு இலாபம் உரியதாயின், அதைச் செய்தவரின் உணவுக்கும் உறக்கத்துக்கும் உயிருக்கும் அவரும் பொறுப்பு என்பதை உலகம் மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. அது தானாக வரவில்லை. விடுதியில் நோயுற்ற தோழிகளுக்காகத் தெருவில் அமர்ந்த பெண்களும், பொதியைச் சுமந்து ஊருக்கு நடந்த தொழிலாளரும் கேட்டதாலேயே வந்தது.

எமது பிள்ளைகள் போகட்டும், உழைக்கட்டும். ஆனால் கேட்கத் தெரிந்தவர்களாகப் போகட்டும். கேட்டுப் பழகும் இடம் எமது வீடும் எமது சங்கமுமாக இருக்கட்டும்.